உறைவு குழுவின் முதல் விதி

மைசூர் விஜயநகரில் விசாலாக்ஷியின் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டை வைப்பதற்கென்று அமைத்த குழிகளில் மருந்துக் குப்பிகள்தான் இருக்கும். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அவள் கண் முதலில் அங்கேதான் போகும். குப்பி இருந்தால் அன்றைக்கு மூச்சு சீராக வரும். இல்லாவிட்டால் தம்பி குளித்துவிட்டு வெளியே வரும்வரை பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தம்பி சுதர்ஷனுக்கு ரத்தம் உறையாத நோய். ஹீமோஃபீலியா. பிறவியிலேயே வந்தது. கையை அறுத்துக்கொண்டால்தான் ஆபத்து என்றில்லை. படியில் கால் இடறினால் போதும், மூட்டுக்குள்ளே ரத்தம் கசிந்து பந்து மாதிரி வீங்கும். இருபத்துநாலு வயதில் அவனுடைய வலது முழங்கால் பாதிதான் மடங்கும். அக்ரஹாரம் பகுதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா ஸ்ரீகண்டன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மகனை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, மாலையில் போய்க் கூட்டிவருவார். பள்ளம் வரும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இந்த நோய் தாய் வழியாக வருவது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த அம்மாள் மகனை நேராகப் பார்த்துப் பேசியதே இல்லை. அதே ரத்தம் தன்னிடமும் இருக்கலாம் என்பதால் விசாலாக்ஷி கல்யாணப் பேச்சை வீட்டுக்குள் விடவில்லை. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், மற்றவர்களும் கேட்கமாட்டார்கள்.

அவள் வேலை பார்த்தது மைசூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் ஆவணப் பிரிவில். தொண்ணூற்றேழில் அந்தப் பிரிவுக்கு இமெயில் வந்தது. மதிய இடைவேளையிலும் சனிக்கிழமைகளிலும் அதைச் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ள, அவளுடைய மேலதிகாரி பொன்னம்மா அனுமதி கொடுத்திருந்தார். குடகுக்காரர், கண்டிப்பானவர், ஆனால் சுதர்ஷனைப் பற்றித் தெரிந்தவர்.

அந்த இடைவேளைகளில் பிறந்ததுதான் 'உறைவு'. இதே நோய் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இமெயிலில் சேர்ந்து பேசுவதற்கான குழு. கோயம்புத்தூர், சேலம், பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் சேர்ந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து எழுதுவார்கள். ஒரு காரியத்தை எல்லோரும் சேர்ந்து கையிலெடுத்தார்கள்: டாக்டர் கிடைக்காத ஊரில் ரத்தம் கசிந்தால் வீட்டிலேயே முதலில் என்ன செய்வது, எந்த வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்றெல்லாம் எளிய தமிழில் ஒரு கையேடு. ஒருவர் ஒரு பத்தி எழுதுவார், இன்னொருவர் திருத்துவார், மூன்றாமவர் சண்டை போடுவார். பொறுமை உள்ளவள் என்று குழுவை நடத்தும் பொறுப்பை விசாலாக்ஷியிடம் கொடுத்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்கிற சாவி அவள் கையில் இருந்தது. அதை உபயோகிக்க வேண்டி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

குழுவுக்குத் தூண் மாதிரி ஒருவர் இருந்தார். கௌரிசங்கர். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய தம்பி இதே நோயில், மருந்து கிடைக்காமல், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இறந்துபோனவன். அதற்குப் பிறகு அந்த மனிதர் அங்கே இருந்த கிளினிக்குகளில் மீந்துபோன, ரத்தத்தை உறையவைக்கும் மருந்துக் குப்பிகளைக் கேட்டு வாங்கி, ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் வைத்து அனுப்ப ஆரம்பித்தார். இங்கே விலைக்கு வாங்க முடியாத மருந்து அது. விசாலாக்ஷி வீட்டு ஃபிரிட்ஜில் இருந்ததும் அவர் அனுப்பியதுதான். அவர் குழுவில் ஒரு வார்த்தை எழுதினால் பத்துப் பேர் வணக்கம் வைத்துப் பதில் போடுவார்கள்.

தொண்ணூற்றெட்டு ஜூனில், குண்டலுபேட்டையிலிருந்து உமாதேவி விசாலாக்ஷியைப் பார்க்க வந்தாள். அங்கன்வாடியில் வேலை. அவள் கணவன் வேலாயுதம் காய்கறி மண்டியில் கணக்கெழுதுகிறவன். அவனுக்கும் இதே நோய். மைசூர் ஆஸ்பத்திரியில் சுதர்ஷன் பக்கத்துப் படுக்கையில் கிடந்து பழக்கமானவர்கள். உமாதேவிக்கு இமெயில் கிடையாது. கேட்க வேண்டியதை விசாலாக்ஷியிடம் சொல்வாள், அவள் குழுவில் எழுதி, வந்த பதிலைச் சொல்வாள்.

அன்றைக்கு உமாதேவி காப்பியைத் தொடவில்லை.

"அக்கா, ஆஸ்பத்திரில அவரு ரத்தத்தச் சோதிச்சாங்க. ஏத்துன ரத்தத்துல வந்துருச்சாமா. எய்ட்ஸுங்கறாங்க."

விசாலாக்ஷி கதவுப் பக்கம் திரும்பினாள். அடுத்த அறையில் சுதர்ஷன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே மாதிரி எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறார்கள்.

"கொழந்தைங்களத் தூக்கலாமா, ஒரே தட்டுல சாப்பிடலாமான்னு டாக்டரக் கேட்டா சரியாப் பதில் சொல்ல மாட்டேங்கறாருங்க்கா. உங்க குழுவுல கேட்டுச் சொல்லுங்க."

"உன் பேரைப் போட்டுக் கேக்கட்டுமா?"

"போடுங்க்கா. அங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

விசாலாக்ஷி எழுதினாள். பதில்கள் நல்லவையாக வந்தன. கோயம்புத்தூரிலிருந்து பிரதிபா என்கிற ரத்த வங்கி ஊழியர், தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒன்றும் வராது என்று விளக்கமாக எழுதியிருந்தாள். அவள் கணவனுக்கும் ஹீமோஃபீலியாதான். அந்தப் பதிலைக் கேட்டு உமாதேவி போனிலேயே அழுதாள்.

அடுத்த முறை அவள் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது.

"அக்கா, நீங்க யார்கிட்டச் சொன்னீங்க?"

"என்ன ஆச்சு உமா?"

"மண்டில வராதேன்னுட்டாங்க. அங்கன்வாடிக்குப் புள்ளைங்கள அனுப்ப மாட்டேங்கறாங்க. கொழாய்ல கொடத்த வெக்க உட மாட்டேங்கறாங்க. ஊட்டு ஓனரு சாமானத் தூக்கி வெளியே வெக்கறாரு. எப்படிக்கா தெரிஞ்சுது? நான் எங்க அம்மாகிட்டக்கூடச் சொல்லலைங்க்கா."

விசாலாக்ஷி அன்று மதியமே தேடிக் கண்டுபிடித்தாள். கௌரிசங்கர் நன்கொடை திரட்டுவதற்காக, உமாதேவியின் கேள்வியை அப்படியே, பெயரோடும் ஊரோடும், வெளிநாட்டுத் தமிழர்களின் பெரிய குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். 'நம் சகோதரியின் நிலைமையைப் பாருங்கள்' என்று மேலே ஒரு வரி. ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிற இடம். அவர்களில் யாரோ ஒருவருக்குக் குண்டலுபேட்டையில் சொந்தக்காரர் இருந்திருக்கிறார். ஒரு போன் போதுமானதாக இருந்தது.

வேலாயுதத்தையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு உமாதேவி கொள்ளேகாலத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள்.

விசாலாக்ஷி கௌரிசங்கருக்குத் தனியாக எழுதினாள். வருத்தமாகத்தான் எழுதினாள், கோபமாக இல்லை. பதில் வந்தது: 'இந்த ஒரு மெயிலால் எவ்வளவு பேர் உதவ முன்வந்திருக்கிறார்கள் தெரியுமா? பெயர் இல்லாத கஷ்டத்துக்கு யாரும் மனம் இரங்கமாட்டார்கள். உங்களுக்கு அனுபவம் போதாது.'

குழுவுக்கு ஒரு நடத்தை விதி வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பிரதிபாவும் அவளும் சேர்ந்து எழுதினார்கள். முதல் விதி இது: 'ஒருவர் தன் உடம்பைப் பற்றி இங்கே சொன்னது, அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போகக் கூடாது. காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போகக் கூடாது.' மீறினால் என்ன ஆகும் என்பதை எழுத விசாலாக்ஷி தயங்கினாள். பிரதிபா விடவில்லை. 'அதை எழுதாவிட்டால் இது பஸ்ஸுக்குள் ஒட்டின நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும், அக்கா. எல்லாரும் அதுக்குக் கீழேயே உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள்' என்று எழுதினாள். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்தது மூன்று மாதத்துக்கு விலக்கிவைப்பது என்று சேர்த்தார்கள். நடந்து முடிந்ததற்கு இது பொருந்தாது என்றும், இனிமேல் நடப்பதற்குத்தான் என்றும் போட்டார்கள். குழுவில் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள். கௌரிசங்கர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் அவர் சேலத்துப் பையன் ஒருவன் குழுவில் எழுதியதை, அவன் கல்லூரிப் பெயரோடு, மறுபடியும் வெளியே அனுப்பினார். விசாலாக்ஷி எச்சரித்தாள். பத்து நாளில் இன்னொருவரின் கதை போயிற்று, இந்த முறை போட்டோவோடு.

அன்று சாயங்காலம், அவரை விலக்கப்போவதாக அவள் வீட்டில் சொன்னாள். அப்பா சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துவிட்டார்.

"விசாலி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த மனுஷனைப் பகைச்சுண்டா மருந்துக்கு எங்கே போவே? யாருக்காகடி இதெல்லாம்?"

"உமாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்பா."

"தெரியும். அவாளுக்கு நடந்துடுத்து. நமக்கு இன்னும் நடக்கலை. அதான் சொல்றேன்."

சுதர்ஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நாளைக்கு என் பேரு வெளியே போச்சுன்னா, இன்ஸ்டிட்யூட்ல என்னை வெச்சுப்பாளாப்பா? அக்கா செய்யறதை செய்யட்டும், பிடி." 'விடுங்கள்' என்பதை அவன் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வான். சாதாரணமாகச் சொல்லிவிட்டான். ஆனால் அவன் மோர் டம்ளரை எடுத்தபோது அது மேஜையில் தட்டிச் சத்தம் வந்ததை மூன்று பேரும் கேட்டார்கள்.

மறுநாள் மதியம் விசாலாக்ஷி கௌரிசங்கரை மூன்று மாதத்துக்கு விலக்கினாள். ஒரே ஒரு பட்டனைத் தட்ட வேண்டிய வேலை. தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை வியர்த்து, புடவையில் ஈரம் பட்டிருந்தது.

அதற்குப் பிறகு மெயிலைத் திறப்பதே பயமாகிப்போனது. 'தெய்வம் மாதிரி இருந்தவரைத் துரத்திவிட்டாயே' என்று எழுதினார்கள். 'என் கணவருக்கு ஏதாவது ஆனால் அதற்கு நீதான் பொறுப்பு.' பெயரில்லாத முகவரியிலிருந்து ஒருவன் எழுதினான்: 'உன் தம்பிக்கு ரத்தம் ஓடும்போது உன் விதியை வைத்து அடைத்துக்கொள். நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று தெரியும்.' அது வெறும் மிரட்டல் இல்லை. அடுத்த வாரம் பொன்னம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு புகார்க் கடிதம். அலுவலகக் கணினியைச் சொந்தக் காரியத்துக்கு உபயோகித்து ஊர்ப் பணத்தை வீணாக்குகிறாள் என்று டைரக்டருக்கே அனுப்பியிருந்தார்கள்.

பொன்னம்மா கன்னடத்தில் கேட்டார். "இது நான் கொடுத்த அனுமதி. அதை டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீ யாரை எதிர்த்துக்கொண்டிருக்கிறாய்?"

"நல்லவர் ஒருவரை, மேடம்."

பொன்னம்மா கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். "அப்படியானால் ஜாக்கிரதையாக இரு. வீட்டுக்குத் தனியாகப் போகாதே."

அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்தில் யாராவது அவளை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால், கூட்டத்துக்குள் நகர்ந்து நின்றுகொள்வாள். மெயிலில் மிரட்டியவன் உலகத்தின் மறுகோடியில் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் குண்டலுபேட்டைக்கு ஒரு செய்தி எவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்தது என்பது உடனே நினைவுக்கு வரும்.

செப்டம்பரில், ஃபிரிட்ஜில் கடைசிக் குப்பி தீர்ந்த பிறகு, சுதர்ஷன் இன்ஸ்டிட்யூட்டில் நாற்காலி வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். முதலில் ஒன்றுமில்லை என்றான். மறுநாள் காலை அவனால் இடது காலை நீட்ட முடியவில்லை. தொடைக்கு மேலே, வயிற்றின் ஓரத்தில் வலி. தொடை மரத்துப்போக ஆரம்பித்தது. இடுப்புத் தசைக்குள் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். குப்பி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், பலபேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்ததை ஏற்ற வேண்டும்.

"சோதிச்ச ரத்தம்தானே, டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"சோதிச்சதுதான். ஆனா புதுசா வந்த கிருமி சோதனைல தெரியறதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

வராந்தாவில் அப்பா விசாலாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. "ஒரு வரி எழுதும்மா. திரும்பச் சேத்துக்கறேன்னு எழுது. அவர் சொன்னா பெங்களூர்லேர்ந்தாவது யாராவது கொண்டுவந்து குடுப்பா. விதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் ஆட்டோ பிடித்து அலுவலகம் போனாள். கௌரிசங்கருக்கு எழுதினாள்: 'என் தம்பிக்கு மருந்து வேண்டும். இது குழுவைப் பற்றிய கடிதம் இல்லை.' அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. பதில் வந்தது. பெங்களூரில் ஒருவரிடம் குப்பிகள் இருக்கின்றன, கொடுக்கச் சொல்கிறேன், முதலில் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள் என்று இருந்தது.

விசாலாக்ஷி மன்னிப்புக் கடிதத்தை எழுத ஆரம்பித்தாள். பாதி எழுதியும் விட்டாள். 'நான் அவசரப்பட்டுவிட்டேன்' என்ற வரி வந்ததும் அவளுக்கு உமாதேவியின் குரல் கேட்டது என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்குத் தோன்றியது வேறு: இன்றைக்கு மருந்துக்காக இதை எழுதினால், அடுத்த முறை அவர் சுதர்ஷனின் பெயரை வெளியே விட்டாலும் தன்னால் வாய் திறக்க முடியாது. இந்தப் பயம் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. எழுதியதை அழித்தாள்.

பிறகு முழுக் குழுவுக்கும் எழுதினாள். நடந்ததை மறைக்காமல் எழுதினாள், கௌரிசங்கர் கேட்டதை மட்டும் விட்டுவிட்டு. அது அவர் தனியாக எழுதியது. 'யாரிடமாவது குப்பி இருந்தால் கடனாகக் கொடுங்கள். என் மேல் கோபம் இருக்கிறவர்களையும் கேட்கிறேன்.'

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோது, மஞ்சள் நிறத் திரவம் சொட்டுச் சொட்டாகச் சுதர்ஷனின் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா பைகளில் ஒட்டியிருந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தார், அதில் ஏதாவது தெரியும் என்பதுபோல. ஒவ்வொரு பையும் யாரோ ஒருவருடையது. சுதர்ஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"அக்கா, அவரைச் சேத்துக்கறேன்னு எழுதிட்டியா?"

"இல்லைடா."

அவன் போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டான். "பயமா இருக்குக்கா" என்றான். அவள் அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குமேல் செய்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

அடுத்த நாள் பிரதிபாவே கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதுவரை இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஐஸ் போட்ட தெர்மாஸ் ஃபிளாஸ்கில் இரண்டு குப்பிகள். அவள் கணவனுக்காக வைத்திருந்தவை. பெங்களூர்க்காரர் ஒருவரும் அன்று மாலை ஒரு குப்பியோடு வந்தார். விசாலாக்ஷியைத் திட்டி இரண்டு மெயில் எழுதியவர் அவர்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கசிவு நின்றது. இடது தொடை மெலிந்து, சுதர்ஷனுக்குக் கைத்தடி வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வீட்டில் பயம் நிற்கவில்லை. ஏற்றியவற்றில் ஏதாவது வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த மாதங்களில் அவன் இருமினால் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிடுவார். பொங்கலுக்குப் பிறகு சோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல்வரை நிதானமாக நடந்து வந்த ஸ்ரீகண்டன், ஸ்கூட்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விலக்கிவைத்த மூன்று மாதம் முடிந்தபோது கௌரிசங்கர் திரும்பவில்லை. புதிதாக ஒரு குழு ஆரம்பித்தார், பாதிப் பேர் அங்கே போனார்கள். இருந்தவர்கள் கையேட்டைத் தொண்ணூற்றொன்பதில் முடித்து, ஜெராக்ஸ் எடுத்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். குப்பி யாரிடம் எத்தனை இருக்கிறது என்பதைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் வந்தது. மருந்து கொடுப்பவர் அதற்கு நிபந்தனை போடக் கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்ந்தது.

அதே தொண்ணூற்றொன்பது டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மணி அடித்தது. தலை நரைத்த, மெலிந்த ஒருவர், கையில் சின்ன ஐஸ் பெட்டி.

"நான் கௌரிசங்கர்."

விசாலாக்ஷிக்குக் கதவின் தாழ்ப்பாளை விட்டுக் கையை எடுக்கத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் வாசற்படியில் வந்து நிற்கிறது. அப்பா பின்னாலிருந்து, "உள்ளே வரச் சொல்லும்மா" என்றார்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெட்டியை மேஜையில் வைத்தார். சுதர்ஷன் கைத்தடியோடு அறையிலிருந்து வந்ததும் எழுந்து நின்றார். அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுக்குத்தான். எதுவும் கேட்க வரலை," என்றார். பிறகு கேட்டார். "குண்டலுபேட்டை அம்மா இப்ப எங்கே இருக்காங்க? அவங்களை நேர்ல பார்க்கணும். அட்ரஸ் குடுப்பீங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். சுதர்ஷனும் பார்த்தான். விசாலாக்ஷி போன் டைரியை எடுத்தாள்.

"அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அவர் முன்னாலேயே கொள்ளேகாலத்துக்குப் போன் போட்டாள். உமாதேவி அங்கே ஒரு தையல் கடையில் வேலை செய்தாள், கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். விசாலாக்ஷி விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே உமாதேவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவரு படுத்தே கெடக்கறாருங்க்கா. புதுசா ஒருத்தரு வந்தா இந்தத் தெருவும் கேக்கும். வேண்டாங்க்கா. வர வேண்டான்னு சொல்லீருங்க."

விசாலாக்ஷி போனை வைத்தாள். "வேண்டாம்னு சொல்றா" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கௌரிசங்கர் தலையை ஆட்டினார். அப்பா காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பாதி குடித்துவிட்டு எழுந்துகொண்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, குழுவைப் பற்றியும் பேசவில்லை. தெருமுனையில் காத்திருந்த டாக்ஸியில் ஏறிப் போனார்.

விசாலாக்ஷி உறைவை இன்னும் பல வருஷம் நடத்தினாள். விலக்க வேண்டிய ஆட்கள் வேறு சிலரும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டனைத் தட்டுவதற்கு முன் அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. புடவையில் துடைத்துக்கொண்டு தட்டினாள்.